சிவப்புப் புத்தகத்துக்கு நான் போட்ட மார்க்

ஜனவரி 14, செவ்வாய்

இன்றிலிருந்து நான் பாடப்புத்தகத் தேர்வுக் கமிட்டி உறுப்பினர். எங்கள் மாவட்டப் பள்ளிகளில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் புது மொழிப் புத்தகம் வாங்கப் போகிறார்கள். தேர்ந்தெடுக்க ஐந்து பேர். அதில் ஒருவர் பள்ளிக்கூடத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத பொதுஜனமாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொதுஜனம் நான். மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி என்னைக் கண்டுபிடித்தார்கள்.

மனுப் போட்டதே நான் ஒருவன்தான் என்று என் அக்கா வாண்டா, சர்ச்சுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இந்த ஹாஸ்கல் ட்ரிவெட் மனுப் போட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். அப்படி ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

தலைவர் மிஸ்டர் கிரம்லி. பள்ளி நிர்வாக அலுவலகத்தில் இரண்டாவது பெரிய ஆள். டை கட்டாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள். அப்புறம் மிஸ் ஓப்பல் ராஸ்னிக், ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொன்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிரெண்ட் லஸ்டர், வங்கியில் வேலை, மூன்று பிள்ளைகளின் அப்பா. அப்புறம் எங்கள் லியேன். வாண்டாவின் மகள், நாலாம் வகுப்பு ஆசிரியை. அவளுக்குப் புத்தி என் பக்கத்திலிருந்து வந்தது.

கிரம்லி ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, மனதில் படுவதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். அதுதான் இது. பிற்காலத்தில் யாராவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்பதால் நல்ல பேனாவில் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் 'பள்ளிப் படிப்பு எத்தனை வருடம்' என்று ஒரு கேள்வி. பன்னிரண்டு என்று போட்டேன். எட்டு வருடமும் கொஞ்சமும் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஜனவரி 16, வியாழன்

என் பழுது பார்க்கும் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் கமிட்டி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

புத்தகங்கள் வந்துவிட்டன. நூலகத்தின் பின் அறையில் மேஜை போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக் கருத்து எழுதலாம். வருகைப் பதிவேட்டில் இன்றைக்கு இரண்டு பெயர். ஒன்று நான். இன்னொருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர். நான்தான் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினேன்.

புத்தகம் அனுப்பிய ஏழு கம்பெனிகளில் ஐந்தை அலுவலகமே தள்ளிவிட்டதாம். மிச்சம் இரண்டு. ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று பச்சை அட்டை. சிவப்பு, தீயணைப்பு வண்டி மாதிரி பளபளவென்று இருக்கிறது. பச்சையைப் பார்த்தால் விதைக் கம்பெனி விலைப்பட்டியல் மாதிரி. இதற்கு எதற்குக் கமிட்டி என்று தோன்றியது.

மார்க் போடும் தாளில் அறுபத்திரண்டு கேள்விகள். புதுச் சொற்கள் கற்றுக்கொடுப்பதைப் பற்றி மட்டும் பதினொன்று. வாரத்துக்கு எத்தனை சொல்? தடித்த எழுத்தில் இருக்கிறதா? பக்கத்திலேயே பொருள் கொடுத்திருக்கிறதா? படம் உண்டா? கடைசியில் பட்டியல் உண்டா? எல்லாம் எண்ணிப் பார்த்துக் கட்டம் போடுகிற வேலை. கடையில் ஸ்க்ரூ எண்ணுகிறவனுக்கு இது தூசு.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று நான் பேசிய பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

சிவப்பில் வாரத்துக்கு இருபத்து நாலு சொல். பச்சையில் எட்டு. பள்ளி வருடம் முப்பத்தாறு வாரம். மனக்கணக்காகவே போட்டுச் சொன்னேன்: ஒன்றில் எண்ணூற்று அறுபத்து நாலு, இன்னொன்றில் இருநூற்று எண்பத்தெட்டு. மூன்று மடங்கு. "பன்னிரண்டு குதிரைசக்தி மோட்டாரும் நாலு குதிரைசக்தி மோட்டாரும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, ரெண்டுல எதை எடுப்பீங்க?" என்று கேட்டேன். லஸ்டர் தலையை ஆட்டினான். மிஸ் ஓப்பல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் ஒப்புக்கொள்ளும்போது செய்கிற காரியம். கிரம்லி இரண்டு தடவை "நல்ல பாயின்ட்" என்றார். மூன்று தடவையாகவும் இருக்கலாம்.

லியேன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அப்போது வேகத்தில் இருந்தேன். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்; நிறுத்திக்கொண்டாள்.

சிவப்புக்கு நான் அறுபத்திரண்டுக்கு அறுபது போட்டேன். இரண்டு மார்க்கைப் பிடித்து வைத்ததும் ஒரு கெத்துக்காகத்தான். தாளின் அடியில், 'ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று பாடங்களாவது முழுமையாகப் படித்தேன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்து. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

முதல் கணக்கு: சிவப்பு நாலு, பச்சை ஒன்று. கடைசி ஓட்டு மார்ச் 11. அதெல்லாம் சம்பிரதாயம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச் முடிந்து வாண்டா வீட்டில் சாப்பாடு. பீன்ஸ், சோளரொட்டி, பன்றி வறுவல். நான் என் பேச்சை மறுபடியும் பேசிக்காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு ஓட்டு லியேனுடையது. ஐந்து பேரில் நாலு போனால் ஒன்று யாருடையது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? மனக்கணக்குப் புலி.

ஏழு வருடமாக அவள் நடத்துவதே இந்தச் சிவப்புப் புத்தகத்தின் பழைய பதிப்புதானாம். திங்கட்கிழமை இருபத்து நாலு சொல்லையும் பொருளையும் நகலெடு, செவ்வாய் பொருத்து, புதன் வாக்கியம் எழுது, வெள்ளி பரீட்சை. அலுவலகம் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும். ஒரு நாள் விலகி வேறு மாதிரி நடத்தினாலும் கடிதம் வரும். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை முழு மார்க் வாங்குகிறார்கள். அடுத்த மாதம் அதே சொல் ஒரு கதையில் வந்தால் முதல் தடவை பார்ப்பது போல் பார்க்கிறார்கள். இப்போது வாங்குகிற புத்தகம் இன்னும் ஏழு வருடத்துக்கு.

பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், நடுவில் மலை.

"சிவப்பு வந்தா நான் போயிடுவேன் மாமா," என்றாள். கோபமே இல்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. "இன்னும் ஏழு வருஷம் இதையே செஞ்சா எனக்கே இந்த வேலை பிடிக்காமப் போயிடும். அதுக்கு முன்னாடி கிளம்பிடலாம்னு இருக்கேன்."

வாண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய் ஹாஸ்கல். அந்தப் புத்தகத்தத் திறந்து பாத்தியா நீ?"

திறந்து பார்த்தேன் என்றேன். எண்ணும்போது திறக்கத்தானே வேண்டும்?

பிப்ரவரி 3, திங்கள்

இருபத்தாறு வருடமாகப் புல்வெட்டி இயந்திரமும் மரம் அறுக்கிற இயந்திரமும் பழுது பார்க்கிறேன். பெயின்டைப் பார்த்து ஒரு இயந்திரத்துக்கு நான் விலை சொன்னதில்லை. ஸ்டார்ட் கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்க்காமல் வாயே திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் அட்டையைப் பார்த்து அறுபது மார்க் போட்டிருக்கிறேன்.

சிவப்பை நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன். முதல் வாரப் பாடத்தை நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே செய்யப் போகிறேன். ஒருவேளை நல்ல புத்தகமாகவே இருந்தால்? இருந்தால் லியேனிடம் நிரூபித்துவிடலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு லாபம்.

இருபத்து நாலு சொல்லும் நகலெடுத்தாகிவிட்டது. விரல் வலிக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

வாக்கியம் எழுதும் நாள். அபாரமாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. இந்த அமெரிக்காவிலேயே அறுபத்து மூன்று வயதில் நாலாம் வகுப்புப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால்காரப் பெண்ணிடம் தாளைக் காட்டினேன். ஃப்ரேம் போடச் சொன்னாள்.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளி விட்டதும் லியேன் கடைக்கு வந்தாள். பரீட்சைத் தாளை நீட்டினேன். அதைப் பார்க்காமல் புதன்கிழமை எழுதிய வாக்கியங்களைக் கேட்டாள். அதையா என்று பெருமையாகக் கொடுத்தேன்.

'ஈடுபாடு' என்று ஒரு சொல். புத்தகம் சொன்ன பொருள்: ஒன்றில் முழுதாக மூழ்கியிருத்தல். நான் எழுதியிருந்தது: ஜாடியில் வெள்ளரிக்காய் வினிகரோடு ஈடுபாட்டுடன் இருக்கிறது.

'செழிப்பு'. பொருள்: நிறைய இருத்தல். என் வாக்கியம்: கடையின் பின்பக்கம் துரு செழிப்பாக இருக்கிறது.

'தயக்கம்'. பொருள்: ஒரு செயலுக்கு முன் சற்று நிற்றல். வேலைக்கு முன் பெட்ரோல் பங்கில் ஒரு காபிக்குத் தயக்கம் போடுவது என் வழக்கம்.

லியேன் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயசில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறோம் என்று எனக்கு அப்புறம்தான் விளக்கினாள். புத்தகம் சொன்ன பொருளை நான் ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருக்கிறேன்; ஆனால் அந்தச் சொல் எங்கே போகும், யாரோடு போகும் என்று புத்தகம் எனக்குச் சொல்லவே இல்லை.

பிறகு என் தாளை மடித்துக்கொண்டு, முதல் வாரத்துச் சொற்களை வாயால் சொல்லுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை முழு மார்க். திங்கட்கிழமை ஐந்து.

"என் பிள்ளைங்களும் இப்படித்தான் மாமா," என்றாள். "அதுங்க மக்குன்னு அதுங்களே நெனச்சிக்குதுங்க."

அவள் போனபிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்கும் ஒரு சொற்பட்டியல் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வேறு யாராவது காரணமாக இருக்கலாம் என்று அப்போது எவன் சொன்னான்?

பிப்ரவரி 11, செவ்வாய்

பச்சையை எடுத்து வந்தேன். நூலகத்துப் பெண், மிஸ்டர் ட்ரிவெட் நீங்கள் ரொம்ப சின்சியர் என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இந்தப் பச்சை லேசுப்பட்டதில்லை. முதலில் ஒரு கதை. தேனீ வளர்க்கிற ஒரு பொம்பளை; கூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், சாப்பாட்டுக்கு மணி அடிப்பது காதில் விழவில்லை, மழை தூறுவதும் தெரியவில்லை. அதற்கு அப்புறம்தான் சொல்கிறது: இதற்குப் பெயர் ஈடுபாடு. அதோடு விடுகிறதா? கேள்வி கேட்கிறது. இரண்டு பேர் மீன் பிடிக்கிறார்கள். ஒருவன் மிதவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஒருவன் ரொட்டியைத் தேடுகிறான். யாருக்கு ஈடுபாடு? ஏன்? அந்த 'ஏன்'தான் ஆளைக் கொல்கிறது. கடைசியில், உனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதைப் பார்த்திருக்கிறாயா, எழுது என்கிறது.

நாலு நாளில் நாலு சொல்தான் முடிந்திருக்கிறது. ஆமை. ஆனால் ஒவ்வொன்றும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பாகம் மாதிரி இருக்கிறது.

(நாலு நாள் இல்லை, மூன்று நாள்.)

பிப்ரவரி 19, புதன்

என் பழைய வாடிக்கையாளர் வர்ஜில் கோப் இன்று கடையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, சிக்கிக்கொண்ட கயிற்றை ஒரு மணி நேரம் பிரித்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போய் மேலே ஏடு கட்டிவிட்டது. எனக்குத் திடீரென்று பட்டது: அட, ஈடுபாடு. அவரிடமே சொன்னேன். "எனக்கு அப்படி ஒண்ணும் வியாதி இல்லப்பா," என்றார்.

அதற்கு அப்புறம் நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் பார்த்தேன். பூனைக்கு ஈடுபாடு. லாரி ஓட்டுகிற பையனுக்குத் தன் போனில் ஈடுபாடு. பச்சையின் எட்டுச் சொல்லும் இப்படிக் கடைக்குள் நடமாடிக்கொண்டிருக்கின்றன. சிவப்பின் இருபத்து நாலும் எங்கே போயின என்று தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

இரண்டையும் மூடி வைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இன்று எனக்கு நானே பரீட்சை. பச்சை: எட்டுக்கு ஏழு. சிவப்பு: இருபத்து நாலுக்கு மூன்று, அதில் ஒன்று பச்சையிலும் இருந்ததால் வந்தது.

பெரிய பெரிய பல்கலைக்கழகத்தில் கோடிக்கணக்கில் கொட்டிக் கண்டுபிடிக்கிற விஷயத்தை ஒரு புல்வெட்டிக் கடையில் ஒரே ஆள் கண்டுபிடித்துவிட்டேன். அறுபத்திரண்டு கேள்விகளையும் மறுபடி படித்தேன். ஒரு மாதம் கழித்துப் பிள்ளைக்குச் சொல் ஞாபகம் இருக்குமா என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கிரம்லியைப் போய்ப் பார்த்தேன். என் மார்க்கை மாற்ற வேண்டும் என்றேன். உட்காரச் சொன்னார், மிட்டாய் கொடுத்தார், முடியாது என்றார். கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பத் திறக்க ஒரே வழிதான் இருக்கிறதாம்: மதிப்பீடு விதிப்படி நடக்கவில்லை என்று உறுப்பினரே கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

"நீங்க விதிப்படிதானே செஞ்சீங்க, மிஸ்டர் ட்ரிவெட்?"

அந்தப் பொடி எழுத்து வரி ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு வாரப் பத்திரிகைக்காரியும் வருவாள். இந்த ஊரில் என் பெயர் இதுவரை இரண்டு தடவைதான் பத்திரிகையில் வந்திருக்கிறது, இரண்டும் நான் வளர்த்த ராட்சதப் பூசணிக்காய்க்காக.

நல்ல மிட்டாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். யாரும் எதையும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு சின்ன மோட்டாரைக் கூட்டத்துக்கே கொண்டுபோகிறேன். பன்னிரண்டு பாகங்களின் பெயரைச் சிவப்பு முறையில் பட்டியலாகக் கொடுப்பேன். நாலு பாகங்களைப் பச்சை முறையில் கையில் கொடுத்து, இது என்ன செய்யும், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். அப்புறம் பரீட்சை. அவர்களே வாயைப் பிளந்து நிற்பார்கள். லியேனிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், நடந்த வரிசையிலேயே.

மோட்டாரைத் தட்டில் வைத்து மேஜை நடுவில் இறக்கினேன். கிரம்லியின் புருவம் ஏறியது. பட்டியலைக் கொடுத்தேன், ஐந்து நிமிடம். பரீட்சை வைத்தேன். லஸ்டர் பன்னிரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். வங்கியில் எண்களை மனதில் வைத்தே பழகியவன். இதை நான் யோசிக்கவில்லை. உடனே கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? நானே வெள்ளிக்கிழமை முழு மார்க் வாங்கியவன்தானே? ஒரு வாரம் விட்டுக் கேட்க வேண்டியதை ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்ப பட்டியல் முறை நல்லாவே வேலை செய்யுது," என்றார் கிரம்லி.

அவசரமாகப் பச்சைப் பகுதிக்குப் போனேன். கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் அடிக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட வடிக்காமல் கழற்றியதில்லை நான். மேஜையில் ஓடியது. மார்க் தாள்கள் மேல் ஓடியது. கிரம்லியின் வெள்ளைச் சட்டைக் கையில் ஓடியது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மிஸ் ஓப்பல் ஜன்னல்களைத் திறந்தார். வெளியே பனிக்காற்று; அத்தனை பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். பத்திரிகைக்காரி எழுதிக்கொண்டே இருந்தாள். புத்தகக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த துணிப்பையால் லியேன் மேஜையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். என் மேல் கோபமாக வைக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கடைசி அறையில் பொருள் எடுத்து வைப்பார்களே, அப்படி.

அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் அந்தப் புத்தகத்தப் படிக்கல," என்றேன். "ரெண்டையுமே. மூணு பாடம் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டேன், ஒரு பாடங்கூடப் படிக்கல. தடிச்ச எழுத்த எண்ணினேன். அதுக்கப்புறந்தான் படிச்சேன். பன்னெண்டு வருஷம் படிச்சதா மனுவுல போட்டதும் பொய்தான். ஒம்பதாங் கிளாஸ்ல அக்டோபர் வரைக்கும் போனேன். அவ்வளவுதான்."

 திறந்த ஜன்னல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் நான் எடை குறைந்து போனேன், இருபது பவுண்டாவது.

மிஸ் ஓப்பல் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு ஹாஸ்கல்," என்றார். "நானும் எண்ணத்தான் செஞ்சேன். ஒரு பாடம் படிச்சேன், அதுவும் பாதி. முப்பத்தொம்பது வருஷம் வாத்தியாரம்மாவா இருந்துட்டு. எண்ணுறது சுலபமா இருந்துச்சு."

எல்லோரும் லஸ்டரைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. "இவர் அன்னிக்கு அவ்வளவு பேசினதுக்கப்புறம், இவர் படிச்சிருப்பாருன்னு நெனச்சேன்," என்றான். "எனக்கு வேலை மிச்சம்னு விட்டுட்டேன்."

அப்புறம் எல்லோரும் கிரம்லியைப் பார்த்தோம். அவர் நனைந்த சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டார். டையைத் தளர்த்தினார். "என் செக்ரட்டரி படிச்சாங்க," என்றார்.

லியேன்தான் முதலில் சிரித்தாள். பிறகு மிஸ் ஓப்பல். கோட்டுப் போட்டுக்கொண்டு குளிரில் நின்று ஐந்து பேர் சிரித்தோம், பத்திரிகைக்காரியையும் சேர்த்து. கிரம்லிக்கும் உதடு ஆடியது, நான் பார்த்தேன்.

சிரித்து முடித்ததும் லியேன் பேசினாள். இந்தத் தடவை யாரும் குறுக்கே போகவில்லை, நான் உட்பட. பத்து நிமிடம். எட்டுச் சொல்லைப் பல இடத்தில் பார்த்து, கேட்டு, சொல்லிப் பழகிய பிள்ளை, ஒன்பதாவது சொல்லைத் தானாகவே தேடிப் போகும் என்றாள். மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை தேடாது என்றாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் சொல்லித்தான் பேசினாள்.

முடிவு: எல்லா மார்க்கும் ரத்து. ஒவ்வொருவரும் இரண்டு புத்தகத்திலும் தலா ஒரு வாரப் பாடத்தைப் பிள்ளை மாதிரி செய்துவிட்டு வர வேண்டும். மார்ச் 25-இல் திரும்ப ஓட்டு.

கார் நிறுத்துமிடம் வரை மோட்டாரைச் சுமந்து வந்தேன். லியேன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.  தட்டை வண்டியில் வைத்துவிட்டு, என் கன்னத்தில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 13, வியாழன்

பத்திரிகை வந்துவிட்டது. மூன்றாம் பக்கம்: 'படிக்காமலே மதிப்பெண்: உறுப்பினர் ஒப்புக்கொண்டார்'. பெயர் சரியாகப் போட்டிருக்கிறார்கள். வாண்டா வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். பூசணிக்காய்ச் செய்திகளை அவள் ஒட்டியதே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மூன்று பேர் கடைக்கு வந்து, நாங்களும் எட்டாவதோடு நின்றவர்கள்தான் என்றார்கள். ஒருவர் போகும்போது பச்சைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நூலகத்துக்கு வழி சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

மிஸ் ஓப்பல் போன் செய்தார். சிவப்பின் வாக்கியப் பயிற்சியில் தானே ஒரு அபத்தத்தை எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். என்னவென்று எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கூட்டம் தொடங்கும் முன் மிஸ் ஓப்பல் லஸ்டரைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் பாகங்கள் பன்னிரண்டையும் சொல்லு பார்ப்போம் என்றார். மூன்று சொன்னான். நாலாவதாக ஒரு கடன் திட்டத்தின் பெயரைச் சொன்னான்.

பச்சை நாலு, சிவப்பு ஒன்று. அந்த ஒன்று கிரம்லி. பட்டியல் இருந்தால் சரிபார்க்கச் சுலபம் என்பதில் அவர் மாறவில்லை, மறைக்கவும் இல்லை. இரண்டு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார். எனக்குக் கை கொடுத்தார். டை புதுசு. பெட்ரோல் எட்டாத நீளம் என்றார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது யாருக்குத் தெரியும்?

லியேன் கூட்டம் முடிந்ததும் ஒரு போன் செய்யப் போகிறேன் என்று வெளியே போனாள். திரும்பி வர நேரமாயிற்று. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அவ்வளவு அடக்கம் உண்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நோட்டைத் தேடி எடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

பெட்டிகள் வந்திறங்கின. முப்பத்தொரு பெட்டி, எல்லாம் பச்சை. என் டிரெய்லரில் நான்தான் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருநூறு பெட்டி என்று கடையில் சொல்லியிருக்கிறேன்.

லியேன் வகுப்பில் புத்தகம் அடுக்க இடம் போதவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னாள். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவள் முழங்காலிட்டு அமர்ந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள், தலைமுடியில் எல்லாம் அட்டைத் தூசி.

எத்தனை வருஷம் தாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஏழு," என்றாள், தலை நிமிராமல்.

இருபதுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.